சாமை மிஷினும் சின்னக்குழந்தையும்

வீட்டில் கடைசியாகப் பிறந்தவர் என்பதால் சின்னக்குழந்தை என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அலுவலகங்களுக்குப் போய்ப் பெயரைச் சொன்னால், "கொழந்த பேரு வேணாம்மா, ஒங்க பேர சொல்லுங்க" என்பார்கள். "அதாங்க எம் பேரு" என்று அவரும் சலிக்காமல் சொல்லுவார்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம் தள்ளி இருக்கிறது அவருடைய ஊர். மலைமேல் இருந்த விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். கணக்கு நன்றாக வந்தது. ஒன்பதாவது சேர வேண்டிய நேரத்தில் அம்மா படுத்த படுக்கையானார். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. பிறகு வேடியப்பனோடு கல்யாணம், இரண்டு ஏக்கர் சரிவு நிலத்தில் சாமை, ஐந்தாறு புளியமரம். ஒரே மகள் கல்பனா வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். ஊரில் பெண்கள் குழு நடத்தும் அரவைக் கொட்டகையில் மிஷின் ஓட்டுவது சின்னக்குழந்தையின் வேலை.

சாமை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உமி அதன்மேல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். மிஷினுக்குள் சுழலும் தட்டு தானியத்தை வீசி ஓரத்துச் சுவரில் அடிக்கும். அந்த அடியில் உமி கழன்று பறக்க வேண்டும், உள்ளே இருக்கும் அரிசி உடையக் கூடாது. தட்டு வேகமாகச் சுற்றினால் அரிசி குருணையாகிவிடும். மெதுவாகச் சுற்றினால் போட்ட சாமை போட்டபடியே உமியோடு வெளியே வரும்.

மூன்று வருடங்களுக்கு முன் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. கல்லூரிகளில் உள்ள இளம் ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்துவிடாமல், ஒரு குழுவாகச் சேர்ந்து, மலைப்பகுதி மக்களுக்கு இருக்கும் ஏதாவது ஒரு சிரமத்துக்குப் புதிய கருவி செய்ய வேண்டும். முதல் கட்டம் சரியாக அமைந்தால் இரண்டாம் கட்டத்தில் அந்தக் கருவி பல ஊர்களுக்குப் போகும். மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கும் லுப்னா இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார். வாணியம்பாடிக்காரர், தோல் பதனிடும் குடும்பத்திலிருந்து முனைவர் பட்டம் வரை படித்த முதல் பெண். அவர் வடிவமைத்த சாமை மிஷின் சின்னக்குழந்தையின் கொட்டகைக்கு வந்து இறங்கியது.

கல்லூரியில் அந்த மிஷின் நூறு மணிக்குத் தொண்ணூறு மணியை முழு அரிசியாகக் கொடுத்தது. மலைக்கு வந்ததும் கணக்கு மாறிவிட்டது. ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் பாதி உமியோடு வரும். கல்லூரியிலிருந்து வந்து பார்த்தவர்கள், பெண்கள் சாமையைச் சரியாகக் காயவைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். "இரண்டு நாள் முழு வெயிலில் காய்ந்த தானியத்தை மட்டும் போடவும்" என்று ஒரு தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பெண்கள் மூன்று நாள் காயவைத்தும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, பழையபடி மூட்டையைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு கீழே அரைக்கப் போக ஆரம்பித்தார்கள்.

சுவரில் ஒட்டிய அந்தத் தாள் சின்னக்குழந்தையை உறுத்தியது.

"நமக்கு காய வெக்கத் தெரிலன்னு செவுத்துல எழுதி ஒட்டிட்டு போய்ட்டாங்க" என்றார் வேடியப்பனிடம்.

"விடு. அவங்க படிச்சவங்க, ஏதாச்சும் சொல்லுவாங்க."

"விட்றதுக்கு இன்னா கீது. நாம சரியாத்தான் காய வெக்கிறோம்னு காட்டணும்."

மகள் எழுதி மீதம் வைத்திருந்த நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரே வயலின் சாமை ஒரு மூட்டை. அதை ஒரே மாதிரி காயவைத்துப் பங்கு பிரித்தார். ஒவ்வொரு பங்கையும் வெவ்வேறு நேரத்தில் மிஷினில் போட்டு, வெளியே வந்ததில் நூறு மணியைத் தட்டில் எடுத்து எண்ணினார். முழுசு எத்தனை, உடைசல் எத்தனை, உமியோடு வந்தது எத்தனை. அடுத்த மூட்டையில் நேரத்தை மாற்றாமல் காயவைக்கும் நாளை மட்டும் மாற்றிப் பார்த்தார். பன்னிரண்டு நாளில் ஒன்று தெளிவானது. காயவைக்கும் நாளை மாற்றியதில் பெரிய வித்தியாசம் இல்லை. காலை பத்து மணிக்குப் போட்டால் நன்றாக வருகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் போட்டால் அதே சாமை உமியோடு வருகிறது.

மாலையில் மிஷினுக்கு என்ன ஆகிறது என்று கவனித்தார். கொட்டகையில் தொங்கும் குண்டு பல்பு அந்த நேரத்தில் மங்கலாக எரிந்தது. மலைக்கு வரும் கரண்டு கம்பியின் கடைசி முனையில் இருக்கும் ஊர் அது. கீழே எல்லோரும் மோட்டார் போட்டால் இங்கே கரண்டின் வலு குறைந்துவிடும். நோட்டில் இன்னொரு கட்டம் போட்டார்: பல்பு வெளிச்சம், பல்பு மங்கல். அதற்குப் பிறகு எண்ணியதெல்லாம் அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போனது.

கரண்டைக் கூட்டுவது அவர் கையில் இல்லை. மோட்டார் திணறுகிறது என்றால் அதன் சுமையைக் குறைக்கலாம் என்று தோன்றியது. சாமை உள்ளே விழும் வாய்க்கு ஒரு தகரத் துண்டு வெட்டி வைத்தார். பல்பு மங்கினால் தகரத்தைத் தள்ளி வாயைப் பாதியாக்குவார். கொஞ்சமாக விழுந்ததும் தட்டு மறுபடி வேகம் எடுக்கும். பல்பு தெளிந்தால் வாயைத் திறந்துவிடுவார். அன்றிலிருந்து மாலையிலும் நல்ல அரிசி வந்தது. கீழே போய்க்கொண்டிருந்த பெண்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

முதல் வருட அறிக்கை எழுதுவதற்காக லுப்னா மலையேறி வந்தது அந்தச் சமயத்தில்தான். மிஷின் தோல்வி என்று எழுதும் மனநிலையில்தான் வந்திருந்தார். கொட்டகையில் பத்துப் பெண்கள் மூட்டையோடு காத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரியவில்லை.

"அக்கா, மிஷின யாராவது ரிப்பேர் பண்ணாங்களா?"

"ரிப்பேர்லாம் இல்லீங்க மேடம். வாய மட்டும் கொறச்சிக் குடுப்பேன்."

"எப்போ கொறைக்கணும்னு எப்படித் தெரியும்?"

சின்னக்குழந்தை மேலே பல்பைக் காட்டினார். பிறகு நோட்டை எடுத்துக் கொடுத்தார். லுப்னா அதை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து முடித்தார். நாற்பத்தோரு நாள் குறிப்பு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கரண்டு ஒரே சீராக வரும். அங்கே ஆறு மாதம் சோதித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

"இத எப்படிச் செய்யணும்னு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லணும் மேடம்? எல்லாத்தயும் ஒண்ணா மாத்துனா எதனால ஆச்சின்னு தெரியாதில்ல. அதான் மத்தத அப்டியே வுட்டுட்டு ஒண்ண மட்டும் மாத்துனேன்."

லுப்னா எழுந்து போய், சுவரில் இருந்த தாளைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தன் தாய்மாமா இல்யாஸை அழைத்துவந்தார். இல்யாஸ் முப்பது வருடமாகத் தோல் தொழிற்சாலைகளில் மிஷின் பழுது பார்ப்பவர். எந்தப் பட்டமும் இல்லை. சின்னக்குழந்தை தகரத்தை நகர்த்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்நேரமும் பல்ப பாத்துக்கினே நின்னா கழுத்து இன்னாத்துக்கு ஆவும் தங்கச்சி? நீ கையில பண்றத மிஷினே பண்ணட்டும்."

சுழலும் தண்டில் இரண்டு சிறிய எடைகளைக் கோத்தார். தட்டு வேகமாகச் சுற்றினால் எடைகள் வெளியே விரியும், வாய்த்தகடு திறக்கும். வேகம் குறைந்தால் எடைகள் உள்ளே ஒடுங்கும், தகடு தானாக வாயைச் சுருக்கும். எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று லுப்னா கணக்குப் போட்டார். பல்பு எவ்வளவு மங்கினால் வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது சின்னக்குழந்தையின் நோட்டில் இருந்தது. மூன்று முறை கழற்றி மாட்டினார்கள். நான்காவது முறை, கரண்டு ஏறி இறங்கிய ஒரு முழு நாளில் நூற்றுக்கு எண்பத்தெட்டு முழு அரிசி வந்தது. யாரும் தகட்டைத் தொடவில்லை.

சென்னையில் நடந்த ஆய்வுக் கூட்டத்துக்கு மூவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சின்னக்குழந்தை சென்னைக்குப் போவது அதுதான் முதல் தடவை. குளிரூட்டிய அறை, வரிசையாக நிபுணர்கள், பெரிய திரை. லுப்னா படம் படமாகக் காட்டி விளக்கினார். மூன்றாவது படத்தில் குழுவின் பட்டியல் வந்தது. "முதன்மை ஆய்வாளர்: முனைவர் லுப்னா". அடுத்து, அந்தக் கல்லூரியின் வேறு இரண்டு ஆசிரியர்கள். அவர்கள் மலைக்கு ஒரே ஒருமுறை வந்தவர்கள். கீழே "தொழில்நுட்ப உதவி: இல்யாஸ்". அதற்கும் கீழே, முறத்தோடு சிரிக்கும் சின்னக்குழந்தையின் படம். பக்கத்தில் "பயனாளி" என்று எழுதியிருந்தது.

நிபுணர்களில் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: "பயனாளி அம்மா, மிஷின் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்குங்க" என்றார் சின்னக்குழந்தை.

எல்லோரும் கைதட்டினார்கள். திட்டம் இரண்டாம் கட்டத்துக்குத் தகுதி பெற்றது.

திரும்பும் பேருந்தில் வாலாஜா தாண்டியதும் சின்னக்குழந்தை லுப்னா பக்கம் திரும்பினார். இல்யாஸ் முன் இருக்கையில் தூங்கிவிட்டார்.

"மேடம், பயனாளின்னா இன்னாங்க?"

"திட்டத்தால நன்மை அடையறவங்கக்கா."

"செரி. மிஷினு எனக்கு நன்மதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாய்த்தகடு நா குடுத்ததா, எனக்குக் குடுத்ததா?"

பல வருடங்களுக்கு முன் தன்னுடைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் வழிகாட்டியின் பெயர் முதலிலும் தன் பெயர் மூன்றாவதிலும் வந்தது லுப்னாவின் நினைவுக்கு வந்தது. அன்று அவர் குளியலறையில் போய் அழுதிருந்தார்.

"நீங்க குடுத்தது" என்றார். "அந்தப் படிவத்துல ஆய்வாளர்னு போடணும்னா டிகிரி சான்றிதழ் நம்பர் கேக்குதுக்கா. நம்பர் இல்லாட்டி அடுத்த பக்கம் போகாது. வேற எடம் இல்லன்னு அங்க போட்டேன். நா அதோட விட்டிருக்கக் கூடாது. தப்புதான்."

"ஒங்கள குத்தம் சொல்லல மேடம். தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன்."

இரண்டாம் கட்டத்துக்கான விண்ணப்பத்தில் மூன்று பெயரையும் ஆய்வாளர்களாகவே போடுவது என்று லுப்னா முடிவு செய்தார். கணினி ஏற்கவில்லை. கல்வித்தகுதி என்ற இடத்தில் இளநிலை, முதுநிலை, முனைவர் என்று மூன்றே கட்டங்கள். எதையும் தொடாவிட்டால் பக்கம் சிவப்பாகிவிடும். லுப்னாவும் சின்னக்குழந்தையும் திருவண்ணாமலைக்குப் போய், மாவட்ட அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் கண்காணிப்பாளர் சக்கரவர்த்தியைப் பார்த்தார்கள். ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம் இருந்தது. அரசாணையைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"இங்க பாருங்க. குழுவோட தலைவருக்குத்தான் பட்டம் வேணும்னு போட்ருக்கு. உறுப்பினர்னா ஆய்வுப் பணியில பங்களிக்கிறவர், அவ்ளோதான். டிகிரின்னு ஒரு வார்த்த கெடையாது. ஆணையில இல்லாதத படிவம் செஞ்சவங்க சேத்துட்டாங்க."

"அப்ப மாத்தச் சொல்லி நா ஒரு கடிதம் எழுதட்டுங்களா சார்?" என்றார் லுப்னா.

"நீங்க எழுதினா ஒரு ப்ரொபசரோட கடிதமா போயிடும்மா. அவங்க எழுதட்டும். நா குறிப்பு போட்டு அனுப்பறேன்."

சின்னக்குழந்தை அங்கேயே, அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். கடிதம் இதுதான்:

"ஐயா, நான் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். சாமை மிஷினில் அரிசி ஏன் கெடுகிறது என்று நாற்பத்தோரு நாள் சோதித்து எழுதிய நோட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். காரணத்தைக் கண்டுபிடித்தது நான். தானாக நகரும் தகட்டைச் செய்தது இல்யாஸ் அவர்கள். கணக்குப் போட்டது லுப்னா மேடம். ஒருவர் இல்லாமல் மற்ற இருவரால் முடிந்திருக்காது. உங்கள் ஆணையில் பங்களித்தவர் என்று இருக்கிறது. படிவத்தில் பட்டம் என்று இருக்கிறது. இரண்டில் எது சரி என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நோட்டில் தப்பு இருந்தால் அதையும் சொல்லவும், திருத்திக்கொள்கிறேன்."

சக்கரவர்த்தி படித்துவிட்டு ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தன் குறிப்பை எழுதிச் சேர்த்து அன்றைய தபாலிலேயே அனுப்பினார்.

பதில் வரவில்லை. கடைசித் தேதி நெருங்கியது. பழையபடி பயனாளி என்றே போட்டு அனுப்பிவிடும்படி கல்லூரியில் லுப்னாவை நெருக்கினார்கள். அவர் மலைக்குப் போன் செய்தார்.

"நீங்க சொல்ற மாதிரி செய்றேன்கா. இந்த வருசம் வுட்டா அடுத்த வருசம்தான்."

சின்னக்குழந்தை ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள், "பொய் எழுதி அனுப்ப வேணாம் மேடம்" என்றார். தேதி போனது. மற்ற ஊர்களுக்கு வரவேண்டிய மிஷின்களும் அந்த வருடம் வரவில்லை.

அதன் விளைவை ஊரில் அவர்தான் தாங்க வேண்டியிருந்தது. பெண்கள் குழுத் தலைவி மங்கம்மாள் கூட்டத்திலேயே கேட்டார்: "ஒன் ஒருத்தி பேருக்காக நாலு ஊருக்கு வர்றத நிறுத்திட்டியே. பேர வெச்சி சோறாக்க முடியுமா?" அந்த நாலு ஊரில் ஒன்று மங்கம்மாளின் தாய்வீடு. அவர் அம்மா இன்னும் மூட்டையோடு பேருந்து ஏறிக்கொண்டிருந்தார். சின்னக்குழந்தை வீட்டுக்கு வந்து வேடியப்பனிடம், "நா செஞ்சது தப்பா?" என்று கேட்டார்.

வேடியப்பன் யோசித்துத்தான் சொன்னார். "தெரிலம்மா. ஆனா நீ நாப்பது நாளு தட்டுல மணிய எண்ணிக்கினு இருந்தத நா பாத்தேன். நீ எண்ணலன்னு எவனாச்சும் சொன்னா நா சும்மா இருக்க மாட்டேன்."

மங்கம்மாளின் தாய்வீட்டு நினைப்பு சின்னக்குழந்தையை விடவில்லை. இல்யாஸிடம் பேசி, அந்தத் தாய்வீட்டு ஊரில் சரியாக அரைக்காமல் கிடந்த பழைய மிஷினுக்கே ஒரு தகடு செய்து மாட்டச் சொன்னார். திட்டத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் போய்ச் செய்தார்கள். அந்த மிஷின் சின்னது. அளவு சரியாக அமைய ஒன்றரை மாதம் ஆயிற்று. மங்கம்மாள் அதற்குப் பிறகு பேசினார். ஆனால் கூட்டத்தில் கேட்டதை அவர் திரும்பப் பெறவும் இல்லை, சின்னக்குழந்தை எதிர்பார்க்கவும் இல்லை.

இதற்கிடையே லுப்னா காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தப் படிவத்தில் கண்டுபிடித்தவரின் பெயர், நாடு, முகவரி போன்றவைதான் கேட்டிருந்தார்கள். என்ன படித்திருக்கிறார் என்று எங்கும் கேட்கவில்லை. முதல் பெயராகச் சின்னக்குழந்தை, அடுத்து இல்யாஸ், கடைசியில் லுப்னா. "இது ஆவும்னா அது ஏன் ஆவாது?" என்று இல்யாஸ் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடிதம் அனுப்பிய ஐந்தாவது மாதம் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. கடிதம் எழுதியவரை நேரில் விசாரிக்க வேண்டும். இந்த முறை சிறிய அறை, மூன்றே பேர். மேசைமேல் நோட்டின் நகல் இருந்தது. நடுவில் இருந்த வயதான விஞ்ஞானி ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"பத்தொம்பதாம் நாள் பல்பு வெளிச்சம்னு போட்டிருக்கீங்க. ஆனா உமி நெறைய வந்திருக்கு. உங்க காரணத்தோட ஒத்துப்போகலையே?"

அந்த வரியை லுப்னாவும் பார்த்திருந்தார், கேட்கவில்லை.

"ஆமாங்க, ஒத்துப்போவல" என்றார் சின்னக்குழந்தை. "அதுக்கு மொத நாளு ராத்திரி மழ சாரல் அடிச்சி மூட்ட ஈரம் ஆயிருந்தது. அடுத்த பக்கத்துல எழுதிருக்கேன். ஒத்துப்போவலன்னு அத எடுத்துப்புட்டா நோட்டு எதுக்குங்க?"

விஞ்ஞானி அடுத்த பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அதைக் காட்டினார். பிறகு வேறு கேள்விகள் கேட்டார்கள். முக்கால் மணி நேரம். வாய்த்தகட்டைப் பற்றி, எடையைப் பற்றி, வீட்டுக் கரண்டில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கும் இது பொருந்துமா என்பதைப் பற்றி. தெரியாததைத் தெரியாது என்றார். புறப்படும்போது அந்த விஞ்ஞானி எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்த ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகளில் ஒரு வரி கூடியிருந்தது. பட்டம் இல்லாத உறுப்பினர்கள், தாங்கள் செய்த சோதனைக் குறிப்புகளையோ செய்த கருவியையோ சான்றாகக் காட்டி ஆய்வாளராகச் சேரலாம். படிவத்திலும் அதற்கு இடம் விட்டிருந்தார்கள். "உங்க கடிதத்தாலதான்னு சொல்ல முடியாதும்மா, இதே மாதிரி பல ஊர்லேந்து எழுதியிருப்பாங்க" என்றார் சக்கரவர்த்தி. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுக் கலசப்பாக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போட்டிருந்தார். "இருக்கட்டுங்க சார், அவங்களும் சேரட்டும்" என்றார் சின்னக்குழந்தை.

இரண்டாம் கட்டம் கிடைத்தது. ஆறு ஊர்களில் மிஷின் ஓடுகிறது. ஒன்றில் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. காப்புரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக் குழுவில் இப்போது நால்வர். மங்கம்மாளின் தாய்வீட்டு ஊரில் மிஷின் ஓட்டும் அருணாவும் தன் நோட்டைக் காட்டிச் சேர்ந்துவிட்டாள்.

இப்போதைய தகராறு கல் பற்றியது. சாமையோடு அதே அளவில் வரும் பொடிக்கற்களைப் பிரிக்க வேண்டும். காற்றால் ஊதிப் பிரிக்கலாம் என்கிறார் லுப்னா. சாய்வான தட்டை ஆட்டினால் போதும் என்கிறார் சின்னக்குழந்தை. போன புதன்கிழமை கொட்டகையில் இருவரும் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடினார்கள்.

"மேடம், நீங்க சொல்றது காகிதத்துல செரியா வருது. சாமையும் கல்லும் காகிதம் படிச்சிட்டு வராது."

"நீங்க சொல்ற தட்டுல பாதி சாமை கல்லோட போய்டுமேக்கா."

"போவுதா இல்லியான்னு எண்ணிப் பாப்பம்."

இரண்டு வகையும் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தகரமும் மின்விசிறியும் வாங்கிவர இல்யாஸ் பேருந்து ஏறினார்.